நலங்கு மஞ்சள் என்று நினைத்தேன்

தங்கச்சி,

இன்று பூந்தமல்லி மார்க்கெட்டில் மஞ்சள் மூட்டை ஒன்றை என் மூக்குக்கு நேராக அவிழ்த்தார்கள். நான் போட்ட தும்மலில் மெட்ரோ தூண் ஒன்று லேசாகச் சாய்ந்தது. நீ நம்ப மாட்டாய். தும்மி முடித்த பிறகும் அந்த வாசனை போகவில்லை. உன் வளைகாப்பு வாசனை அது.

ஒன்பதாம் மாதம். நம் பாரிவாக்கம் ஊரே திரண்டு வந்து உன் கன்னத்தில் மஞ்சளும் சந்தனமும் அப்பியது. கலந்த சாதத்தைக் கண்டதும் உனக்குக் குமட்டியது. பிள்ளைக்கு முடி முளைக்குது, அதான் என்றார்கள் பெண்கள். நான் சும்மா இருப்பேனா? பிறக்கும்போதே ஆவடி வரை சடை தொங்கும், பின்னிவிட நாலு ஆள் போட வேண்டும் என்று சபையில் அறிவித்தேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே வாந்தி எடுக்க எழுந்து போனாய்.

இரண்டு நாளாகியும் வாந்தி நிற்கவில்லை. மேல்வயிறு வலிக்கிறது என்றாய். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாய். முகம் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, நலங்கு மஞ்சள் இன்னும் இறங்கவில்லை என்று விளக்கம் சொன்னவன் நான்தான். மூன்றாம் நாள் காலை கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"அண்ணாத்தே, மஞ்சா கன்னத்துலதானே பூசுனாங்கோ? கண்ணுக்குள்ள யாரு பூசுனது?"

கல்லீரலில் கொழுப்பு ஏறி அது செயலிழந்துகொண்டு வருகிறது, கர்ப்பத்தில் அபூர்வமாக வருவது, குழந்தையை உடனே வெளியே எடுத்தால்தான் இருவருக்கும் வழி என்றார் டாக்டரம்மா. எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் கிடந்து உன் மகள் பிழைத்தாள். இப்போது ஆறு வயது. புளுகில் என்னையே மிஞ்சுகிறாள். உனக்குத்தான் ரத்தம் உறையவே இல்லை, நிற்காமல் போய் உன்னையும் கொண்டுபோய்விட்டது. வாந்தி தொடங்கியதுமே கூட்டி வந்திருக்கலாமே என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

போன மாதம், எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண், நிறைமாதக்காரி, நேற்றிலிருந்து குமட்டல் என்றாள். ஆட்டோவை வாசலில் நிறுத்தி, கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வந்து படியேறும்போது திட்டினாள்.

"சும்மா கெடந்தவளப் போயி இப்படி அலைக்கழிச்சிட்டியளே மாமா."

உன் வாயால் நான் வாங்கியிருக்க வேண்டிய திட்டு, தங்கச்சி. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று படிக்கட்டிலேயே நின்றேன்.