ஸ்டெல்லா மூடியைச் சரியாகத்தான் மூடினாள்

என் தலை நரைத்த பிறகும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "டேய் கடைக்காரா" என்றே கூப்பிட்ட என் இசக்கி அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. கடை ஓடுகிறது. நான்தான் ஓடவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அப்படியே படியில் உட்கார்ந்துவிடலாம் போல இருக்கிறது. டாக்டர் சர்க்கரை என்கிறார், மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடுகிறேன். இந்த அசதிக்கு மாத்திரை இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

உன் ஆராய்ச்சி நிலையத்தில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். குடும்பத்தின் சார்பில் ஒரு பக்கம் வேண்டுமாம், திருவொற்றியூரில் ஒரு இரும்புக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து நீ எப்படிப் படித்து மேலே வந்தாய் என்று. எழுதிப் பார்த்தேன். தம்பி படிப்பை விட்டதால்தான் அக்கா படித்தாள் என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. அது பொய். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேனே என்று பார்க்காதே. கூட இருந்து படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும்.

கடலுக்கு அடியில், வெளிச்சமே போகாத ஆழத்தில், சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களைத் தேடிப் போனவள் நீ. முதல் தடவை கப்பலில் போய்விட்டு வந்தபோது பதினைந்து நாளும் வாந்தி எடுத்தேன் என்று சிரித்தாய். பிறகு ஒரு சின்னக் குப்பியை என் கல்லாப் பெட்டி மேல் வைத்தாய். உள்ளே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் சேறு. "இது நாலு கிலோமீட்டர் கீழேர்ந்து வந்ததுடா" என்றாய். எண்ணூரில் பத்து நிமிசத்தில் கிடைக்கிற சேற்றுக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். அங்கே தண்ணீர் மேலிருந்து அமுக்குகிற அமுக்கு, ஒரு கட்டை விரல் நகத்தின் மேல் ஒரு மாட்டை நிறுத்தினால் எப்படியோ அப்படி. அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த உயிர்கள். மேலே கொண்டு வந்து அந்த அமுக்கத்தை எடுத்துவிட்டால், சில ரகம் வளராது, சில நாளில் செத்தும் போகும்.

அதனால் அவற்றை வளர்க்க உனக்கு ஒரு இரும்பு உருளை இருந்தது. கை அகலத்துக்குக் கனமான சுவர், திருகு மூடி, மூடிக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். நாங்கள் ஓரிங் என்போம். அந்த வளையம்தான் உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. அதை விற்பதுதான் என் தொழில். எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளுக்கெல்லாம் சீல், கேஸ்கெட், ஓரிங் கொடுக்கிறவன், அக்காவுக்குக் கொடுக்க மாட்டேனா? "என் தம்பி கடையில இல்லாத ரிங்கு எங்கயும் இல்ல" என்று நீ உன் நிலையத்தில் சொல்லி வைத்திருந்தாய். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் வினையும்.

பதினோரு வருசத்துக்கு முன்னால், மார்கழி மாதம், நீயும் ஸ்டெல்லாவும் கடைக்கு வந்தீர்கள். ஸ்டெல்லா உன் கூட வேலை பார்த்த பெண், ஒப்பந்த வேலை. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவரின் மகள்.

"டேய் கடைக்காரா, ரெண்டு ரிங்கு எடு. இந்தத் தடவ உள்ள இருக்கிறது முக்கியமான ஆளு" என்றாய்.

"ஆளா? சோம்பேறிணே அது" என்றாள் ஸ்டெல்லா. "வாரத்துக்கு ஒரு தபாதான் ரெண்டா பிரியுது. இத்த வெச்சிகினு அக்கா எப்போ பேரு வாங்குறது, நான் எப்போ பர்மனென்டு ஆவுறது?"

"அது பிரியறப்ப பிரியட்டும், நீ வாய மூடிட்டு மூடிய ஒழுங்கா மூடு" என்றாய் நீ. மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்று வருசமாக நீ வளர்த்த உயிர் அது. அழுத்தம் இல்லாமல் வளரவே வளராத, அதுவரை யாரும் எழுதி வைக்காத ரகம் என்று நீ நம்பினாய். இன்னும் ஆறு மாதம் ஓட்டினால் உலகத்துக்குச் சொல்லிவிடலாம் என்றாய்.

ஓரிங்கில் ரப்பரின் கடினத்துக்கு ஒரு எண் உண்டு. சாதாரண வேலைக்கு எழுபது. பெரிய அழுத்தத்துக்குத் தொண்ணூறு. பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. நகத்தால் அமுக்கினால் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அன்றைக்கு உன் அளவில் தொண்ணூறு தீர்ந்து போயிருந்தது. பார்சல் வெள்ளிக்கிழமை வரும்.

எங்கள் வியாபாரத்தில் கடைக்கு வந்தவரிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்ல மாட்டோம். 'வரணும்' என்போம், 'நாளைக்கு வாங்க' என்போம். நாளைக்கு வா என்று உன்னை அனுப்பியிருக்கலாம். ஸ்டெல்லா முன்னால், என் கடையில் எல்லாம் இருக்கும் என்று சொல்லித் திரிந்த அக்காவை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. எழுபதில் இரண்டை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மாற்றிவிடலாம், அதுவரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. அன்றைக்கே எண்ணூரில் ஒரு ஆலையில் வருடாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அடுத்த வாரம் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் தாங்கியதே, இனி என்ன என்று விட்டேன். மறந்துபோனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் மறக்கவில்லை அக்கா.

பொங்கலுக்கு நாலு நாள் விடுமுறை. திரும்பிப் போய்ப் பார்த்தால் அழுத்த முள் பூஜ்யத்தில் நின்றது. உள்ளே இருந்தது செத்துவிட்டது. காப்பாக அதிலிருந்து எடுத்து உறைய வைத்திருந்த பங்கும் மறுபடி உயிர் பெறவில்லை. வளையம் ஒரு பக்கம் கடிபட்டிருந்தது. மூடியைக் கோணலாகப் பூட்டியதால் கடிபட்டிருக்கிறது என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்தது. கடைசியாகப் பூட்டியவள் ஸ்டெல்லா.

அன்று மதியம் நீ என் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாய். என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. மென்மையான வளையத்தைப் பெரிய அழுத்தத்தில் போட்டால், அது இடுக்கு வழியாகப் பிதுங்கி, கடித்த மாதிரிதான் பிய்யும். இது தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூடத்தில் நான். காப்பியைக் குடித்து முடித்தேன். "அந்தப் பொண்ணு கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்" என்றேன். இந்த வாயால் சொன்னேன்.

ஸ்டெல்லாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நீ அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை நீ கப்பலில் போனாய், சேறு வந்தது, அந்த உயிர் வரவில்லை. பிறகு கப்பலும் கிடைக்கவில்லை. கடைசி வருசங்களில் எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் எண்ணெயைத் தின்னும் கிருமிகளைப் பார்த்தாய். பத்திரிகையில் படம் போட்டார்கள், கைதட்டினார்கள். "பத்து நிமிசத்துல கிடைக்கிற சேறுடா, நீ சொன்னதுதான் கடைசில நடந்துச்சு" என்று ஒரு நாள் சொன்னாய். நான் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டேன்.

நீ போன பிறகு உன் அறையைக் காலி செய்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்கள். கண்ணாடி, இரண்டு சால்வை, ஒரு டைரி. அடியில் சின்ன பிளாஸ்டிக் கவர். உள்ளே அந்த வளையம், ஒரு பக்கம் கடிபட்டது. கவரின் மேல் உன் கையெழுத்தில் ஒரே ஒரு எண்: 70.

அளந்திருக்கிறாய். அதற்கென்று மீட்டர் உண்டு, உன் நிலையத்தில் இல்லாமலா இருக்கும்? எப்போது அளந்தாய் அக்கா? குழு உட்காருவதற்கு முன்பா, பிறகா? அந்தப் பொங்கலுக்கு அப்புறம் நீ என் கடையில் ரிங் வாங்கவே இல்லை, ஆபீஸ் மூலமாக வேறு இடத்தில் வாங்கினாய். ஆபீஸ் வழக்கம் என்று நினைத்தேன், இல்லை, அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வந்தாய். என் எதிரில் உட்கார்ந்து மீன் முள்ளைப் பொறுக்கி ஓரம் வைத்தபடி, கேட்கலாமா வேண்டாமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாயா? ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

ஸ்டெல்லா இப்போது காலடிப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அங்கேதான் ரத்தம் எடுக்கிறார்கள். இத்தனை வருசமும் அவளிடம் கை நீட்டிவிட்டு, வானிலை பேசிவிட்டு வந்தேன். போன வாரம் வெறும் வயிற்றோடு போனபோது அந்தக் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

"இன்னாணே, மூஞ்சி தொங்கிகினு கீது? கைய மடக்கு" என்றாள். ரத்தம் எடுத்து முடித்ததும் கவரை மேசை மேல் வைத்தேன்.

"இன்னாது இது?"

"அன்னிக்குப் பிஞ்ச ரிங்கு."

அவள் தொடவில்லை. "எதுக்குணே இப்போ இத்தப் போயி எடுத்துகினு வந்த?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்த பார்சல் வரைக்கும், காப்பி டம்ளர் வரைக்கும். அவள் என் கையில் பஞ்சை வைத்து, "அமுக்கிப் புடி" என்றாள். வெளியே காத்திருந்தவர்களிடம் ரெண்டு நிமிசம் இருங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். என் ரத்தம் எடுத்த குப்பியில் பேர் எழுதி ஒட்டினாள். அதற்கப்புறம்தான் பேசினாள்.

"நல்லா திருவி, ஒருக்கா தட்டிப் பாத்துட்டுதான் போனேன். என்னிக்கும் அப்டித்தான் செய்வேன். ஆனா அத்தினி பேரு உக்காந்து சொன்னப்புறம் எனக்கே டவுட்டு வந்துச்சுணே. எங்கப்பா சாவுற வரிக்கும் கேட்டாரு, ஏம்மா ஒழுங்கா மூடலியா, ஒழுங்கா மூடலியான்னு. இன்னி வரிக்கும் வூட்ல கேஸ மூடினேனான்னு மூணு தபா போயிப் போயிப் பாக்குறேன். எங்கூட்டுக்காரு சிரிக்கிறாரு. என் கைய நானே நம்பாத பண்ணிட்டீங்களேணே."

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அத்த வுடு" என்றாள். கவரின் மேல் இருந்த உன் எழுத்தைப் பார்த்தாள். "எனக்கு வேல போன வருசம், கட்சீல வந்த கிறிஸ்மஸுக்கு அக்கா பொடவ குடுத்தனுப்பினாங்க. எதுக்குன்னு புரில. திருப்பி அனுப்சிட்டேன்."

அப்படியென்றால் அந்த வருசமே உனக்குத் தெரிந்திருக்கிறது. சேலை கொடுத்தனுப்ப முடிந்த உனக்கு, சொல்லி அனுப்ப ஏன் முடியவில்லை? என்னைக் காப்பாற்றினாயா? தம்பி கடையில் வாங்கினேன் என்று சொல்ல வெட்கமா? எதுவாக இருந்தாலும் விலை அவள் கொடுத்திருக்கிறாள்.

"எங்கிட்ட வந்து சொல்லிட்ட, சரி" என்றாள் ஸ்டெல்லா. "அன்னிக்கு அந்த ரூம்ல குந்திகினு கேட்டவங்களுக்கு யாரு சொல்றது?"

மலரில் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அதுல எழுது."

"அக்காவுக்குத் தெரியும்ங்கறதையும் எழுதவா?"

"அது எங்கிட்ட கேக்காத. ஒனக்கும் அக்காவுக்கும் உள்ளது" என்று கதவைத் திறந்தாள். "ரிசல்ட்டு பதினோரு மணிக்கு."

இரண்டு நாள் யோசித்தேன். உன்னை விட்டுவிட்டு என் தப்பை மட்டும் எழுதலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் உன்னை அம்மா என்றே கூப்பிடும் உன் நிலையத்து ஆட்கள், 'பாவம், அம்மாவுக்கே தெரியாது' என்று முடித்துவிடுவார்கள், குழுவின் முடிவை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அந்த 70 உன் கையெழுத்து. ஸ்டெல்லாவுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதனால் இதுவரை உள்ளதை எழுதி மலருக்கு அனுப்பிவிட்டேன். கோபமாக இருந்தால் இரு.

நேற்று மலர்க் குழுவிலிருந்து ஒருவர் பேசினார். "சார், அம்மாவோட பேருக்கு... அந்தப் பகுதிய மட்டும் எடுத்துடலாமா?" என்றார். போட்டால் முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார். அவர்கள் யோசிக்கட்டும். எனக்கு பில் புக் அடித்துக் கொடுக்கும் ராயபுரம் அச்சகத்தில் இதையே முந்நூறு பிரதிக்குச் சொல்லிவிட்டேன். அதனால் கூட இருந்து படிக்கிறவர்களே, இதை நீங்கள் மலரில் படிக்கலாம், மலர் வெளியிடுகிற மண்டப வாசலில் என் கையிலிருந்து வாங்கியும் படிக்கலாம்.

அக்கா, உனக்கு மாலை போடுவதை விட எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அந்த முடிவைத் திருத்தி, நிலையத்தின் தாளில், ஸ்டெல்லாவின் பேருக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன், வளையத்தையும் கவரையும் படம் எடுத்து இணைத்து. அது அவள் கைக்குப் போய்ச் சேருகிற வரை வாரம் ஒரு நாள் அங்கே போய் உட்காருவேன். உனக்குச் செய்யும் சத்தியம் இதுதான். உடம்பு ஒத்துழைக்கவில்லை, இருந்தாலும் போவேன். வரவேற்பில் காத்திருக்கிறவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு வந்தேன்.

உன் கூடப் பிறந்த தம்பி,
சுடலைமுத்து
திருவொற்றியூர்