மாப்பிள்ளை பார்த்த பாதிப் படம்

என் செல்லத் தங்கச்சி ராணிக்கு,

மாசியில் உன்னை அனுப்பி வைத்தோம். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. திருச்சுழிப் பக்கம் இந்த வருஷம் மழை தாமதம். பெய்தபோது ஒரே மூச்சாகப் பெய்தது. நரிக்குடிக் கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். தண்ணீர் மேலேயே கிடைத்தால் கடையில் மோட்டார் விற்பனை படுத்துவிடுமே என்று அவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

உனக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கும்படி ஏன் பத்திரிகையில் எழுதுகிறாய் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. திருச்சுழிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. பெண்டாட்டி போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் போஸ் மதுரைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்துவிட்டார் என்று. பேச்சு பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. விட்டுப்போனதைச் சொல்ல வேண்டியவன் உன் பிறந்த வீட்டுக்காரனான நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீயும் கேட்டுக்கொள், ஊரும் கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

கொரோனா காலத்தில் காலேஜ் மூடி வீட்டில் அடைந்து கிடந்த உன் மகள் மது, தன் பழைய லேப்டாப்பில் உனக்கு அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். காய்ந்து கிடக்கும் ஒரு கிரகம். பூமியிலிருந்து போனவர்கள் அங்கே கூடாரம் போட்டுக் குடியேற வேண்டும். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும். யாரோ எப்போதோ விட்டுப்போன இயந்திரங்கள் அலைந்துகொண்டிருக்கும். அவை வந்தால் தப்ப வேண்டும். நெட்டில் உன்னோடு சேர்ந்து ஆடிய மற்றவர்கள் எல்லாம் துப்பாக்கி தூக்கும் வீரர்களாக ஆடினார்கள். நீ மட்டும் பழுது பார்க்கும் கிழவியாக ஆடினாய். மோட்டாரும் பைப்பும் விற்கிற கடையில் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு வேறு எது பிடிக்கும்?

கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தாய். “அண்ணே, இந்த கேமைப் பண்ணுன ஆளு ஒரு கெணத்தக்கூட எட்டிப் பாத்ததில்ல. புட்வால்வே இல்லாம பம்பு ஓட்டுறான். தண்ணி எப்பிடிண்ணே பைப்புல நிக்கும்?”

புட்வால்வு என்றால் என்ன என்று கேட்டேன். “கெணத்துக்குள்ள எறங்குற பைப்புக்கு அடியில மாட்டுறது. தண்ணிய மேல ஏற விடும், கீழ எறங்க விடாது. இதுகூடத் தெரியாம நீ என்னத்தப் பேப்பர்ல எழுதுற?” என்று என்னைத் திட்டினாய்.

மாப்பிள்ளை போஸ் ஒரு தடவைகூட உன் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்ததில்லை. “கடையில ஆளு நிக்குது, நீ செவ்வாய்க் கெரகத்துல நிக்கிற” என்பார். “செவ்வா இல்லங்க, இது வேற” என்பாய். அதைப்பற்றி உங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். சரிதானே?

அந்த விளையாட்டை வைத்து ஜப்பானில் ஒரு அனிமே கார்ட்டூன் படம் எடுக்கிறார்கள், ஐந்து இயக்குநர்கள், ஐந்து தனித்தனிக் கதைகள், அதில் ஒன்று பழுது பார்க்கும் கிழவியின் கதை என்று அறிவிப்பு வந்தபோது உனக்குத் தலைகால் புரியவில்லை. “தியேட்டர்லதாண்ணே பாக்கணும். அந்த ஊரு வானம் பெருசு, போனுக்குள்ள அடங்காது” என்றாய். படம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

ஐப்பசியில் படம் வந்தது. நான் குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்காச் செய்திக்காக வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மது போன் செய்தாள். குரலே சரியில்லை.

“மாமா, அம்மா சொன்ன படம் வந்துருச்சு. மதுரையில ஒரே ஒரு தியேட்டரு. ஞாயித்துக்கெழம வரைக்குந்தான். பெரியப்பா போகக் கூடாதுன்னுட்டாக. அப்பா வாயே தெறக்கல.”

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, கல்யாணத்துக்குப் போவது கிடையாது, சினிமாக் கொட்டகைப் பக்கம் போவது கிடையாது. நம் பக்கத்து வழக்கம். நானும் அதை மதிக்கிறவன்தான். சனிக்கிழமை காலையில் திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன்.

கடை வாசலில் பைப்புக் கட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் வேலுச்சாமி அத்தான், மாப்பிள்ளையின் அண்ணன். மாப்பிள்ளை உள்ளே ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த மோட்டாரையே திரும்பத் துடைத்தார்.

“போன்ல வருமாம்ல, மாசி கழியட்டும், அப்பப் பாரு” என்றார் அத்தான் மதுவிடம்.

“அம்மா தியேட்டர்ல பாக்கணும்னு சொன்னாக பெரியப்பா.”

“தியேட்டரு வேற, டிவி வேற. டிவி நம்ம வீட்டுக்குள்ள இருக்கு. தியேட்டருக்குப் போனா நாலு பேரு பாப்பான். பாத்தா பேசுவான்.”

“நீங்க மட்டும் தெனம் சீரியல் பாக்கலாமாக்கும்? நேத்துக்கூட அந்த மாமியாக்காரி எப்பச் சாவான்னு கேட்டுக்கிட்டிருந்தீக.”

“அது சீரியலும்மா. அதுல எந்நேரமும் எல்லாரும் அழுதுக்கிட்டுத்தான இருக்காக. துக்க வீட்டுக்கு அதுல ஒரு கொறச்சலும் இல்ல.”

மது சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“மச்சான், என்னைய நரிக்குடிச் சந்தையில என்னான்னு கூப்புடுறாய்ங்கன்னு தெரியும்ல?”

தெரியும். ‘படம் பாத்த வேலு’ என்பார்கள். அத்தான் சினிமாப் பைத்தியம் போல என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

“எங்க அய்யா எறந்த வருசம். பருத்தி வெல கேட்டுட்டு வாடான்னு அருப்புக்கோட்டைக்கு அனுப்புனாக. போன எடத்துல கொட்டகைக்குள்ள போயிட்டேன். சின்ன வயசு. அன்னையிலருந்து இந்தப் பேரு. எனக்குப் பேரம்பேத்தி எடுத்தாச்சு, பேரு மட்டும் போகல. இவனும் இப்பிடி ஒரு பேரச் சொமந்துக்கிட்டு இந்தக் கல்லாவுல ஒக்காரணுமா?”

மதுதான் கேட்டாள். “படம் நல்லாருந்துச்சா பெரியப்பா?”

“அது இப்ப எதுக்கு? நல்ல படந்தான்.”

பிறகு அத்தான் எழுந்து நின்று துண்டை உதறினார். “அவ பொறந்த வீடு நீங்க. கடைசியாப் போத்துன சேல ஒங்க வீட்டுச் சேல. நீங்க சொல்லுங்க மச்சான். போகலாம்னா போகட்டும், அப்பறம் நான் பேச மாட்டேன்.” நான் வேண்டாம் என்று சொல்வேன் என்றுதான் அவர் அதை என்னிடம் விட்டார்.

“மாப்ள, நீங்க என்ன சொல்றீக?” என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

“அண்ணன் பேச்ச மீற மாட்டேன் மச்சான்.” மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சரி. பொறந்த வீடு போகுது. தாய்மாமன் நான் மதுவக் கூட்டிட்டுப் போறேன். யாரு கேட்டாலும் எம்பேரச் சொல்லுங்க” என்றேன்.

“இவன்?”

“அவரு ஒங்க வீட்டு ஆளு அத்தான்.”

அன்று சாயங்காலம் மதுவின் போனில் மூன்று டிக்கெட் எடுக்கச் சொன்னேன். மூணாவது யாருக்கு மாமா என்றாள். இருக்கட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். திருச்சுழி பஸ்ஸிலிருந்து மது இறங்கினாள். அவள் பின்னால், சலவைச் சட்டையோடு மாப்பிள்ளை இறங்கினார்.

“மதுரைக்கு லோடு எடுக்க வாரேன் மச்சான். பம்புச் சாமான் கொஞ்சம் வேணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமையில் மதுரையில் எந்தப் பம்புச் சாமான் கடை திறந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டே காலம் தள்ளியவன், கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று.

தியேட்டர் வாசலில் அவர் எங்களோடு நின்றார். “நீங்க போங்க. நான் போயி லோட்டப் பாத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றார். நாங்கள் உள்ளே போனோம்.

படத்தைப் பற்றிக் கேட்பாய். முதல் கதை முழுக்கக் கறுப்பு மையில் வரைந்தது, ஒரு காவல் வீரன் தூங்காமல் விழித்திருக்கிறான், அவ்வளவுதான் கதை. எனக்குக் கொஞ்சம் நீளமாகத் தோன்றியது. இரண்டாவதில் துருப்பிடித்த இரண்டு இயந்திரங்கள் சாகும் வரை சண்டை போட்டுக்கொள்கின்றன. மதுவுக்கு அது மிகவும் பிடித்தது. வானத்தைப் பற்றி நீ சொன்னது சரி. பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம், தியேட்டரின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை. நம் முதுகுளத்தூர் ரோட்டில் கோடையில் நின்றால் தெரிகிற அகலம்.

மூன்றாவது உன்னுடையது. கிழவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடாரத்தின் கதவைத் திறந்து காற்றுக்குள் கால் வைத்தாள். அந்த இடத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். இடைவேளை!

“யாரு மாமா இங்கன கொண்டாந்து இன்டர்வெல் விட்டது?” என்று மது பல்லைக் கடித்தாள். தண்ணீர் வாங்க வெளியே போனோம். கண்ணாடிக் கதவுக்கு அருகே இருந்த பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மதுவைப் பார்த்ததும் எழுந்தார்.

“அவ வந்துட்டாளா?” என்று கேட்டார். கிழவியைத்தான் கேட்டார். அப்படி ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உனக்காவது தெரியுமா?

“இப்பத்தான்ப்பா வெளிய கெளம்புறா.”

அவர் தரையைப் பார்த்தார். “அண்ணன்கிட்ட மீற மாட்டேன்னு சொன்னேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல். மது அவர் கையைப் பிடித்தாள். “படத்துக்கு வர வேணாம்ப்பா. எனக்குத் தனியா இருக்கு, எம்பக்கத்துல வந்து ஒக்காருங்க.” மூன்றாவது டிக்கெட் மதுவின் போனில் காத்திருந்தது. மூவரும் உள்ளே போனோம். டிக்கெட் எடுத்தது நான், கூப்பிட்டது மகள். ஊர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கிழவி தூரத்தில் இருக்கும் பம்பைத் தேடி நடக்கிறாள். கூடாரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் கடைசித் தண்ணீர். பாதி வழியில் ஒரு பெரிய இயந்திரம் வந்து அவள் மேல் குனிகிறது. சுட்டுவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் அதன் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து “பிடி” என்கிறாள். அது பிடித்துக்கொண்டு நிற்கிறது. பம்பைத் திட்டுகிறாள், தட்டுகிறாள், குவளையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுகிறாள். பம்பு உறுமியது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“புட்வால்வு இல்ல” என்றார் மாப்பிள்ளை, கடையில் பேசுகிற குரலில். “அடியில புட்வால்வு இல்லாம ஊத்துறா. எப்பிடித் தண்ணி நிக்கும்?”

முன் வரிசையிலிருந்து ஒரு பையன் திரும்பினான். “அண்ணே, படத்தப் பாருங்கண்ணே.”

“பாத்துட்டுத்தான்ப்பா சொல்றேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மதுவும் சிரித்தாள். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. அவர் தோளைத் தொட்டு “என்னம்மா, என்னம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. திரையில் தண்ணீர் வந்துவிட்டது. கிழவி சட்டைக் கை நனைந்து வீடு திரும்பினாள்.

நான்காவது கதை சண்டை. ஐந்தாவதில் மனிதர்களே இல்லை, அவர்கள் வருவதற்கு முந்தைய கிரகம், காற்று மட்டும். நான் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், காரியாபட்டி தாண்டியதும் மது சொன்னாள். “அம்மாவும் அதேதான்ப்பா சொன்னாக. புட்வால்வு இல்லன்னு.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பருத்திக் காடு ஈரமாக இருந்தது. “எங்கிட்டச் சொல்லவே இல்லையே” என்றார்.

“நீங்க கேக்கவே இல்லையேப்பா.”

அருப்புக்கோட்டையில் நான் இறங்கிக்கொண்டேன்; அவர்கள் திருச்சுழி பஸ் ஏறினார்கள்.

மறுநாள் காலை அத்தான் கடைக்கு வந்திருக்கிறார். நடந்ததை மது அப்படியே என்னிடம் சொன்னாள்.

“லோடு எங்கடா?”

“கட பூட்டியிருந்துச்சுண்ணே.”

“ஞாயித்துக்கெழம பூட்டாம?” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எப்பிடி இருந்துச்சு?”

“பாதிதாண்ணே பாத்தேன். இன்டர்வெல்லுக்கு மேலதான் போனேன்.”

“நானும் அன்னைக்குப் பாதிதான்டா பாத்தேன். பாதியில எங்க சித்தப்பா வந்து சட்டையப் புடிச்சு வெளிய இழுத்துட்டாக. அப்பறம் என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

இதுதான், ராணி, நடந்தது. ஊரில் யாருக்காவது கேள்வி இருந்தால் அருப்புக்கோட்டையில் என்னைக் கேட்கலாம். மாப்பிள்ளையைக் கேட்க வேண்டாம். புதுப் பேரும் வைக்க வேண்டாம். வைத்தே தீர வேண்டும் என்றால் எனக்கு வையுங்கள், தாங்குவேன்.

உன்னோடு விளையாடியவர்களுக்கு மது விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்தக் கிரகத்தில் உன் கூடாரத்தை யாரும் பிரிக்கவில்லையாம். முறை வைத்து உன் பம்பை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்களாம். முகம் பார்க்காதவர்களுக்குத் துக்கம் காக்கும் வழக்கத்தை யார் சொல்லிக் கொடுத்தது?

மாசியில் உன் திவசம் கழியட்டும். அதுவரை இந்த வீட்டில் வேறு படம் கிடையாது. கழிந்த மறுநாள் உன் வீட்டு டிவியில் முதல் கதையிலிருந்து போடுகிறோம். மாப்பிள்ளை பார்க்காமல் விட்ட பாதிக்காக. அத்தானும் வருகிறேன் என்றிருக்கிறார், அவருக்கு முழுசாக ஒரு படம் பாக்கி இருக்கிறது. கிழவி கதவைத் திறந்து காற்றுக்குள் கால் வைக்கும் இடத்தில் ஒருவரும் எழுந்து விளக்கைப் போடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பிறந்த வீட்டிலிருந்து,
உன் பெரியண்ணன்