பத்தொன்பதாவது பாடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் பொண்டாட்டியும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீ நலமாக இல்லை என்று போன வாரம் மாமா சொல்லித்தான் தெரிந்தது. அதிலிருந்து நான்கு தடவை உனக்குப் போன் செய்தேன். நான்கு தடவையும் மழை உண்டா, தண்ணீர் வருகிறதா என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது. அதனால்தான் கடிதம். கோபம் வந்தால் மடித்து வைத்துவிடு. ஆனால் ஆறின பிறகாவது மிச்சத்தைப் படித்துவிடு.

முதலில் உன் காய்ச்சல். மூன்று மாதமாகச் சாயங்காலம் ஆனால் உடம்பு கொதிக்கிறதாம். ஜாக்கெட்டைப் பிழிகிற அளவுக்கு வியர்க்கிறதாம். காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து புல் அறுக்கப் போகிறாயாம். இடுப்பு வலிக்கு மருந்துக்கடை மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்குகிறாயாம். கேட்டால், “வயசாச்சுல்ல, வேறென்ன” என்று மாமாவின் வாயை அடைத்துவிடுகிறாயாம். கால்நடை அலுவலக ஆட்களோடு வந்த நர்ஸ், வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுங்கள் என்றதற்கு, “என் மாட்டைத் தின்னது போதாதா, என் ரத்தமும் வேணுமா” என்று வாசலிலேயே விரட்டிவிட்டாயாம். மாமாவும் உன் மகளும் கொடுத்து, அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. கறக்கிறதும் நீ, கன்று இழுக்கிறதும் நீ, ரத்தம் கொடுக்காதவளும் நீ ஒருத்திதான்.

உன் மாடுகளைக் கொண்டுபோன நோயே பொய், உன்னிடம் பால் எடுத்த வண்டிக்காரர் உன்னைக் கவிழ்க்கக் கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறாய். பொய்யில்லை அக்கா. எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நீ சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? பதினாறு வருடமாகத் தீவன ஆலையில் மூட்டை வாய் தைக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு மூட்டை. உள்ளே இருப்பது மாட்டுக்கு ஏன் நல்லது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். ஆய்வுக்கூடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் கால்நடை அறிவியல் சான்றிதழ் வேண்டும், வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் படிக்கலாம் என்று மேனேஜர் சொன்னார். நாற்பத்திரண்டு வயதில் நோட்டு வாங்கினேன். உன் தம்பி பொண்டாட்டி அதற்கு அட்டை போட்டுக்கொண்டே, “மாடு எந்தப் பக்கம் திங்கும்னு தெரியாத மனுஷன் மாட்டு டாக்டராகப் போறார்” என்றாள். நீ சொன்னது வேறு. “எனக்குத் தெரியாததா புஸ்தகத்துல இருக்கப் போகுது? இருந்தா எனக்கும் சொல்லு” என்றாய்.

ஷிப்ட் முடிந்ததும் எடை மேடை அறையில் உட்கார்ந்துதான் வகுப்பு. காதில் தவிட்டுத் தூசி, கையில் போன். திரையில் சின்னச் சின்னக் கட்டமாக நாற்பத்தேழு முகம். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் கெட்டுப்போன பேரை இங்கே மீட்டுவிடுகிறவன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். மேடம் எதைக் கேட்டாலும் முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் முதலில் பேசுவேன். கறவை மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் உன் கொட்டகைதான். “எங்க அக்கா இப்படிச் செய்வாங்க மேடம்” என்று உன்னைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த வகுப்பில் பேர் வாங்கினேன்.

பதினோராவது பாடம், மாட்டின் நடை. மாடு நடப்பதை வீடியோ எடுத்து, எது நொண்டுகிறது, எவ்வளவு நொண்டுகிறது என்று மதிப்பெண் போட்டு அனுப்பச் சொன்னார்கள். உன்னிடம் கேட்டேன். நீ ஒன்பது மாட்டையும் குளிப்பாட்டி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக நடத்தினாய். மகள் எடுத்தாள். கிழவி, கோணக்கொம்பு, சிடுமூஞ்சி என்று நீ பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அதில் கேட்டது. மற்றவர்கள் எல்லாம் இணையத்தில் கிடைத்த வீடியோவை அனுப்பியிருந்தார்கள். சொந்தமாக எடுத்தது நம்முடையது மட்டும்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. எல்லோர் முன்னாலும் மேடம் பாராட்டினார். நான் அன்றைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மேடம் தனியாகக் கூப்பிட்டார். சிடுமூஞ்சி நடக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, முன்னங்கால் முட்டியில் இருந்த வீக்கத்தைக் காட்டினார். இது எத்தனை நாளாக இருக்கிறது, இந்தக் கொட்டகையில் சினை மாடு மாதம் நிறையாமல் கன்று வீசியது உண்டா என்று கேட்டார். எனக்கு விடை தெரிந்த கேள்வி அக்கா. அந்தச் சந்தோஷத்தில் பொலபொலவென்று கொட்டினேன். ஒரே வருடத்தில் மூன்று மாடு வீசியது, எல்லாமே ஆறு ஏழு மாதத்தில், அக்கா முழங்கை வரை கைவிட்டுத் தானே எடுத்தாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியதுகூட எனக்குப் புரியவில்லை. இது கன்று வீச்சு நோயாக இருக்கலாம், தெரிந்த பிறகு நான் தெரிவிக்காமல் இருக்கக்கூடாது, விலாசம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். தெருப் பெயர், கொட்டகைக்குத் திரும்புகிற சந்து, எல்லாம் நான்தான் சொன்னேன். “சீக்கிரம் வரச் சொல்லுங்க மேடம், ஊசி போட்டாச் சரியாயிடும்ல” என்றும் கேட்டேன். அவர் விலாசத்தைத் திரும்பப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். நானும் விடாமல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

பால் வண்டிக்காரர் இல்லை அக்கா. நான்.

கால்நடை அலுவலக ஆட்கள் வந்து மாட்டுக்கு ரத்தம் எடுத்தபோது நீ பயந்து போன் செய்தாய். தைரியமாக இரு, மருந்து கொடுப்பார்கள் என்றேன். நடிக்கவில்லை, அப்படித்தான் நம்பினேன். அந்த நோய் பத்தொன்பதாவது பாடத்தில் வருகிறது. நாங்கள் அப்போது பதின்மூன்றில் இருந்தோம். மாட்டுக்கு அதற்கு மருந்து இல்லை, நோய் இருக்கிற மாட்டைப் பிரித்துக் கொண்டுபோய் அழிப்பதுதான் வழி என்று நான் படித்தது, லாரி வந்து ஏழு மாடுகளை ஏற்றிக்கொண்டு போன நான்காம் நாள். கோணக்கொம்பு லாரியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, நீ கூட ஏறி நின்ற பிறகுதான் ஏறியது என்று மாமா சொன்னார். அது உன்னை நம்பித்தான் ஏறியிருக்கும்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. லாரி போன அன்று நீ அழுதுகொண்டே, “கன்னு வீசுனதப் பத்தி அவன்தான் துருவித் துருவிக் கேட்டான், அவன்தான் என் வயித்துல அடிச்சுட்டான்” என்றாய். இருபது வருடம் உன் வாசலில் பால் எடுத்தவரை அப்படிச் சொன்னாய். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “உம்” கொட்டினேன். அவராகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அடுத்த நாள் நீ அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாய். அந்த ஆள் இப்போது உன் தெருவுக்குள் வராமல் வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிறாராம். அவருக்கு எல்லாவற்றையும் எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் நழுவிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம், அதனால் அதை முதலில் போட்டேன். நீ போய் அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். அந்த மன்னிப்பு நான் கேட்க வேண்டியது.

இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் இப்போது ஏன் சொல்கிறான் என்று நினைப்பாய். காய்ச்சல் என்று மாமா சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் ஒளிக்கவில்லை. உனக்குத் தெரியாமலே போகட்டும் என்றுதான் இருந்தேன். நீ என் மேல் வைத்திருக்கிற எண்ணம் மாறிவிடக் கூடாது என்ற பயம்தான், வேறு நல்ல காரணம் எதுவும் கிடையாது.

அந்தப் பாடத்தை எட்டுத் தடவை படித்துவிட்டேன். வீசின கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டால் மனிதருக்கும் ஒட்டும் என்று அதில் போட்டிருக்கிறது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், வியர்வை, இடுப்பு வலி, உடல் அசதி என்று நான்கையும் வரிசையாக எழுதியிருக்கிறான். மாமா சொன்னதை யாரோ பக்கத்தில் இருந்து கேட்டு எழுதின மாதிரி இருக்கிறது. கிழவி கன்று வீசியபோது நீ வீடியோ காலில் காட்டினாயே, முழங்கை வரை ரத்தத்தோடு, “பாருடா” என்று. நான் அன்றைக்கு “சபாஷ் அக்கா” என்றேன். நாற்பத்தேழு பேர் வகுப்பில் படிக்கிறவன் உனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

மனிதருக்கு மருந்து உண்டு அக்கா. மேடத்திடமும் கேட்டேன், இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடமும் கேட்டேன். ரத்தம் பார்த்து உறுதியானால், குறைந்தது ஆறு வாரம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டுவிட்டால் முதுகெலும்பு வரை போகுமாம். ரத்தம் கொடுக்கிற இடத்தில் மாடு கன்று வீசியதையும், நீ கையால் எடுத்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள். இதைத் தனிச் சீட்டில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பேச வேண்டாம், டாக்டரிடம் அதை நீட்டினால் போதும்.

பால் வண்டிக்காரர் சொன்னால் நம்ப மாட்டாய், அலுவலகத்து ஆட்கள் சொன்னாலும் நம்ப மாட்டாய். உன் கொட்டகையைக் காலி செய்ய உன் தம்பி பொய் சொல்ல மாட்டான் என்பதையாவது நம்பு. என்னிடம் இப்போது மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் கேட்கிறேன்.

பரீட்சை அடுத்த மாதம். எழுதுங்கள், நீங்கள் செய்தது சரிதான், இன்னும் எத்தனை கொட்டகைக்குப் பரவியிருக்கும் தெரியுமா என்கிறார் மேடம். அவர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும். நோட்டைத் திறந்தால் முதல் பத்துப் பாடத்திலும் ஓரத்தில் ‘அக்காவிடம் சொல்ல வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சை எழுதுவேனா என்று தெரியவில்லை.

நீ என்னோடு பேச வேண்டாம். திட்டி ஒரு வரி எழுதவும் வேண்டாம். ரத்தம் கொடுத்த அன்று ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு. நான் எடுக்க மாட்டேன், சத்தியமாக எடுக்க மாட்டேன். உன் நம்பரிலிருந்து ஒரு தடவை மணி அடித்து நின்றால் போதும். வேலை நேரத்திலும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

நீ நல்லாயிருக்கணும் அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி