விதைக்கு விட்டது

அன்புள்ள அம்மாவுக்கு, இளவேனில் எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கன்னிவாடியில் மழை உண்டா?

போனில் சொன்னால் வேலை போய்விட்டதோ என்று பதறுவாய், அதனால் எழுதுகிறேன். மரபணு மாற்றிய விதைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் திருத்துகிறார்கள் என்று சொன்னேனே, அதன் வரைவை நம் பக்கத்து விவசாயிகள் படித்துக் கருத்துச் சொல்வதற்காக இந்த டெல்லி ஆபீசில் நான்தான் தமிழாக்குகிறேன். அதில் 'ரிலீஸ்' என்று ஒரு சொல். விதை, விடுவது என்றதும் கை தானாக 'விதைக்கு விடுதல்' என்று எழுதிவிட்டது.

சரிபார்க்கும் கௌசல்யா மேடம் சிரித்துவிட்டார். "இது செடியில விட்டு வைக்கிறது இல்லம்மா, வெளியில பரவ விடுறது. விட்டா திரும்பப் பிடிக்க முடியாது. இப்படியே அச்சானா உங்க ஊர்க்காரங்க நல்லதுன்னு நெனச்சுத் தலையாட்டிருவாங்க" என்றார். திருத்திவிட்டேன். திட்டு ஒன்றும் இல்லை.

ஆனால் அன்று முழுக்க நம் கத்திரித் தோட்டம்தான் கண்ணில் நின்றது. நல்ல காயாகப் பார்த்து உன் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டு, "ஏத்தா, அதுல கை வச்சிராத, வெதைக்கு விட்டிருக்கு" என்பாயே. மற்றதெல்லாம் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போன பிறகும் அது மட்டும் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கும்.

அண்ணன் வரும்போது அந்த விதையில் ஒரு பொட்டலம் கொடுத்துவிடு. மாடியில் ஒரு தொட்டி சும்மா கிடக்கிறது. சேலைத் துணியும் ஒரு துண்டு வை. இங்கே துணிக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் வை.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. நீ என்னையும் விதைக்குத்தான் விட்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறேன்.

உன் மகள்,
இளவேனில்