தலை தட்டிய ஆழாக்கு

கார்த்திகை 9, ஞாயிறு.

இன்று சின்னிக்கு ஐந்து வயது முடிந்தது. அம்மா செய்கிற கேக்தான் வேண்டுமென்று நேற்றிலிருந்து ஒரே பிடிவாதம். அவள் அம்மா ராஜம் இறந்துவிட்டதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

கேக் புத்தகத்தில் எல்லாம் பவுண்டுக் கணக்கு. இந்த மலையில் வீட்டுக்கு வீடு தராசா இருக்கிறது? ராஜம் ஒருமுறை சோளக்காடு ஊர்க் கடையில் நிறுத்துப் பார்த்து வந்து, அரை பவுண்டு மைதாவுக்கு இரண்டரை ஆழாக்கு, அதே அரை பவுண்டு சர்க்கரைக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் என்று சமையலறைச் சுவரில் கரியால் எழுதியிருந்தாள். அதை நம்பித்தான் இறங்கினேன்.

மத்தியானம் சின்னி தூங்கியதும் தொடங்கினோம். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பாப்பாயி, மாவை ஆழாக்கில் கோபுரமாகக் குவித்தாள். தலை தட்டி அளக்கச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"வேண்டாங்க சாமி. தலை தட்டி அளக்கறது எழவு ஊட்டுக்குங்க."

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே விரலால் மாவை வழித்துவிட்டாள். கண்ணைத் துடைத்ததில் அவள் முகமெல்லாம் மாவு.

மணல் சட்டியில் வைத்து, மேலும் கீழும் தணல் போட்டோம். கேக் நன்றாக எழும்பியது. அதே வாசனை.

எழுந்து வந்த சின்னி ஒரு துண்டை வாயில் போட்டாள். உடனே வீடு முழுக்க ஓடித் தேடினாள். திரும்பி வந்து கேட்டாள்:

"அம்மா வந்துட்டுப் போயிருச்சாப்பா? என்னைய ஏன் எழுப்புல?"