வீடு இருக்கிறபடியே இருக்கட்டும்

ஜனவரி 6

இந்தக் குளிர் ஊரில், காற்று புகாமல் வீட்டைச் செப்பனிட அரசு தரும் மானியத்துக்கான உதவி மேசையில் உட்கார்ந்து நான்கு மாதம் ஆகிறது. இன்று பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேருக்கு ஒரே கேள்வி. "மானியம்னா சும்மா குடுப்பீங்களா?" இல்லை ஐயா. முதலில் உங்கள் கையிலிருந்து போடணும், நூறு போட்டால் அறுபது திரும்பி வரும். அதுவும் வேலை தொடங்குவதற்கு முன்பே வீட்டைச் சோதித்து, காற்று ஒழுகுகிறது என்று எழுதி வாங்கியிருந்தால்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வீட்டில் என் கணவர் ஒரு டீ கேட்டதற்கு "விண்ணப்பம் குடுத்தாச்சா?" என்றேனாம். ஒரே கிண்டல்.

ஜனவரி 9

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், கூடவே மனைவி. அந்த அம்மா டெய்லர். தையல் அறை மாடியில். ஜன்னல் சந்திலும் கூரை இடுக்கிலும் குளிர்காற்று வந்து விரல் மரத்துப்போகிறதாம், ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். மிஷினை அடுப்படிக்கு இறக்கிவிட்டார்.

"ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கல்யாணத் துணி. ஒருநாள் எண்ணெய் தெறிச்சா போதும், என் பொழப்பு போச்சு."

கூரைக்கும் ஜன்னலுக்கும் ஆகும் செலவை வரி வரியாக விளக்கினேன். டிரைவர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "மானியம் வந்தா செய்யலாம்மா. இல்லேன்னா மிஷின் அடுப்படியிலதான்."

பதினேழாம் தேதி சோதனை. "ஆளு வருவாரு, வீட்டை ரெடியா வெச்சிருங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 17

எல்லாம் பாழ்!

நாங்கள் விசிறிக்காரர் என்று கூப்பிடுகிறவர் சோதிக்கப் போனார், நானும் போனேன். வாசல் கதவில் பெரிய விசிறியை மாட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார். சந்து பொந்து வழியாக எவ்வளவு உள்ளே வருகிறது என்று மீட்டர் சொல்லும். ஆறைத் தாண்டினால் மானியம். நாலரைதான் காட்டியது.

டிரைவர் ஐயா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "பாஸாயிட்டோம்மா!"

மூன்று நாள் ஏணியில் நின்று ஒவ்வொரு இடுக்கையும் பழைய பேப்பரும் வெட்டுத் துணியும் வைத்து அடைத்து, மேலே டேப் ஒட்டியிருக்கிறார். "முப்பது வருஷம் பஸ்ஸை ஆய்வுக்குக் கொண்டுபோயிருக்கேன். ஒரு தடவைகூட ஃபெயிலானதில்ல." ஒரு மழை வந்தால் அத்தனையும் ஊறி விழுந்துவிடும். மானியம் கிடையாது என்று நான் சொன்னதும் அந்த அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜனவரி 18

ரெடியா வெச்சிருங்கன்னு சொன்னது யாரு? நான்தானே! பாவம், அவர் என்ன செய்வார்?

மறுசோதனைக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும். அலுவலகத்தின் தவறு என்றால் மட்டும் உடனே உண்டு. அதற்கு யார் தவறு என்று பேர் போட்டு எழுதித் தரணும். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாகப்போகிறது. இப்போது போய் —

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "உன் தப்புன்னு எழுதினா அது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்ன, எழுது."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 21

எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். "இந்த நேரத்துல இது தேவையா?"

"மிஷின் அடுப்படியில இருக்கு சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 22

எழுதிக் கொடுத்ததன் நகலை எடுத்து நாலு தடவை படித்துவிட்டேன்.

ஜனவரி 29

அனுமதி வந்தது, இன்றே மறுசோதனை. அடைத்ததைப் பிடுங்க டிரைவர் ஐயாவுக்கு மனசே வரவில்லை. "நானே லைட்டை உடைச்சிட்டு ஆய்வுக்குப் போற மாதிரி இருக்கு." அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி எல்லாவற்றையும் உருவிப் போட்டார். விசிறி ஓடியது. ஏழரை!

"ஃபெயிலாயிட்டோம்!" என்று அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். விசிறிக்காரர் தலையில் கை வைத்தார். "ஏழரை வந்ததுக்கு சந்தோஷப்படுற ஆளுங்களை இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

பிப்ரவரி 20

நிரந்தர வேலை மூன்று மாதம் தள்ளிப்போய்விட்டது. கோபம்தான். வீட்டில் அவர் டீ போட்டுக் கொடுத்தார், விண்ணப்பம் கேட்கவில்லை. மேசையில் கொடுக்கும் தாளில் மட்டும் நான் சொன்ன வரியைச் சேர்த்துவிட்டார்கள்: சோதனைக்கு முன் எதையும் அடைக்கவோ ஒட்டவோ வேண்டாம், வீடு இருக்கிறபடியே இருக்கட்டும்.

மார்ச் 26

வேலை முடிந்த வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே காது விறைக்கிற குளிர். டிரைவர் ஐயா அந்த ஏழரைத் தாளைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். "என் வாழ்க்கையில ஒரே ஃபெயில்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம்.

மாடிக்குப் போனோம். ஜன்னல் ஓரத்தில் மிஷின். அந்த அம்மா என்னோடு பேசிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார், ஒரே தடவையில். ஒரு மணி நேரம் பேசினோம்.

தெருவில் இறங்கிக் குளிர் அடித்த பிறகுதான் தெரிந்தது, ஸ்வெட்டரை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.