பலகையில் இருந்த இன்னொரு கால்

மார்ச் 3
நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான்; ஞாபகம் மட்டும் கல். பிரார்த்தனைக் கூடத்துக்கு அறுபது வயதாம், பிரசங்கியார் அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார். தரையில் பதிந்திருக்கும் மகானின் காலடிக்குத் தனி அத்தியாயம்.

அந்தக் கால் என்னுடையது.

மார்ச் 4
மருமகள் நேற்று பேனாவைப் போட்டுவிட்டாள். “என்ன மாமா, விளையாடுறீங்களா?”

என்ன விளையாட்டு? அப்போது எனக்கு வயது பதினேழு. வியாழக்கிழமை. பலகைமேல் நின்று சிமெண்ட் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். “டேய், டீ ஆறுது!” என்று மேஸ்திரி கத்தினார். அவசரத்தில் ஒரு கால் ஈரத்தில். குடித்து, கதை பேசித் திரும்புவதற்குள் இறுகிவிட்டது. “ஒட்டுப் போட்டா இன்னும் அசிங்கம். மூச்சு விடாதே” என்றார். கூடம் திறந்த அன்று முதலில் நுழைந்தவர் அதைப் பார்த்து மண்டியிட்டார். அப்புறம் நான் எங்கே மூச்சு விட?

மார்ச் 9
இன்று பிரசங்கம். மகான் ஒரு காலைப் பூமியில் ஊன்றி, மறுகாலை வானத்தில் வைத்தாராம். அதனால்தான் ஒற்றைத் தடம். அழகான விளக்கம். ஆனால் மறுகால் பலகையில் இருந்தது.

பக்கத்தில் என் மனைவி கண்ணைத் துடைத்தாள். மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் அந்தக் காலடியில் கிடந்தவள். பிள்ளை பிழைத்தான். அவளிடம் எப்படிச் சொல்ல? சொல்லாவிட்டால் பொய் அச்சாகிவிடும் — அன்று அங்கே இருந்தவர்களில் நான்தான் மிச்சம்.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல இருக்கிற கால் பத்தாதுன்னு அங்க வேறயா?”

சிரித்தாளா, அழுதாளா? வெங்காயம் வேறு.

மார்ச் 15
மூன்று நாளாக அவள் கூடத்துக்குப் போகவில்லை. என்னோடும் பேச்சில்லை. “மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு” — மருமகள்தான் தபால்காரி. நல்லா இருந்தவளை ஏன்யா கெடுத்தேன்?

மார்ச் 16
பிரசங்கியாரிடமும் சொன்னேன். “காலை வெச்சுப் பாத்துடலாமே” என்றார். வைத்தேன். பொருந்தவில்லை, தடம் என் காலைவிட இரண்டு விரற்கடை அகலம்.

“வயசானா ஞாபகம் முன்னபின்ன ஆகும், பெரியவரே.”

எனக்கா? அன்றைய டீயில் சர்க்கரை குறைவு, அதுகூட நினைவிருக்கிறது!

குனிந்து தடவினேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு. விரல் குழிகளையே காணோம். நான் வைத்தது ஒரு நொடி. அறுபது வருஷமாகத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தவர்கள் எத்தனை பேர்! வீட்டுக்கு வந்து அவளிடம் இதைச் சொன்னேன்.

மார்ச் 18
காலையில் செருப்பை மாட்டினாள். “வர்றதுன்னா சட்டையைப் போட்டுட்டு வாங்க.”

கூடத்தில் நேராகப் பிரசங்கியாரிடம் போய் நின்றாள். “இவர் கால்தான். எழுதிக்குங்க. பொய் சொன்னா இவருக்குக் காது சிவக்கும், எனக்குத் தெரியாதா?”

பிறகு தடத்துக்கு வந்தாள். மண்டியிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது.”